அந்தக் கணக்கு நோட்டில் இருப்பது யாருடைய கதை?

கேள்வி: நான் நீலகிரி மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். என் குடும்பம் 1972இல் இலங்கையின் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து மண்டபம் முகாம் வழியாக இங்கே வந்து சேர்ந்தது. இன்றும் ஊரில் எங்களைச் 'சிலோன்காரர்' என்றுதான் சொல்கிறார்கள். அதே தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்கள் சேர்ந்து, முன்னோர் கதைகளையும் பழைய படங்களையும் பகிர்வதற்காக ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். என் கொள்ளுத் தாத்தா அந்தத் தோட்டத்தில் ஆள் சேர்த்து வேலை வாங்கும் பெரிய கங்காணி. கோட்டும் தலைப்பாகையுமாக அவர் நிற்கும் படத்தைப் போட்டு, 'பல குடும்பங்களுக்கு வாழ்வு கொடுத்தவர்' என்று எழுதினேன். அன்று இரவே எழுபத்தொன்பது வயதுப் பெரியவர் ஒருவர் குரல் பதிவு போட்டார்: 'வாழ்வு கொடுக்கவில்லை அம்மா, கடன் கொடுத்தார். அதை என் அப்பா சாகும்வரை கட்டினார்.' அதன்பிறகு குழுவில் ஒரே வாக்குவாதம். சித்தப்பா எல்லாவற்றையும் அழித்துவிட்டு வெளியே வா என்கிறார்.

தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு கணக்கு நோட்டு இருக்கிறது. 'பிரபவ வருடம் ஆடி மாதம்' என்று தொடங்குகிறது. பெயர்களும் ஏதோ குறிகளும் தொகைகளும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. அதைக் குழுவில் போடலாமா? எங்கள் பூர்வீக ஊர் எது என்பதும் தெரியவில்லை. பாட்டியின் பழைய பாஸ்போர்ட்டில் 'புதுப்பட்டி, திருச்சி ஜில்லா' என்று மட்டும் இருக்கிறது. இன்னொன்று: எண்பத்து நான்கு வயதாகும் பாட்டி, தன் இளமைக் கால வாழ்க்கையில் நடந்த ஒன்றை என்னிடம் மட்டும் சொன்னார். (இப்பகுதியின் விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன.) குடும்ப வரலாறு எழுதும்போது இதையும் சேர்க்க வேண்டுமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு, வணக்கம்.

பாட்டியைப் பற்றி எழுதியிருந்த பத்தியை நான்தான் நீக்கச் சொன்னேன். அவர் உங்களிடம் மட்டும் சொன்னதை உங்கள் கடிதம் வழியாக ஊர் முழுவதும் படிப்பது முறையல்ல. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தக் கணக்கு நோட்டு.

பழைய தாள்களோடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: மலையகக் குடும்பம் (இலங்கை மலைத் தோட்டத் தமிழர் குடும்பம்) ஒன்றிடம் இப்படி ஒரு நோட்டு தப்பிப் பிழைத்திருப்பது அரிது. தோட்டத்து அலுவலகங்களில் இருந்த செக்ரோல் (வருகை, கூலிப் பதிவு) புத்தகங்கள் 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், 1992இல் நிர்வாகம் மறுபடியும் தனியார் கைக்குப் போனபோதும் எத்தனையோ இடங்களில் சிதறிப் போயின. ஒரு பெரிய கங்காணி தன் கையால் வைத்த கணக்கு உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது என்று படித்தபோது, கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

பிரபவ ஆண்டு அறுபது ஆண்டுச் சுற்றில் முதலாவது. அது 1867இலும் 1927இலும் 1987இலும் வந்தது. உங்கள் கொள்ளுத் தாத்தாவின் காலத்துக்குப் பொருந்துவது 1927தான். ஆகவே முதல் பக்கம் அந்த ஆண்டு ஜூலைப் பிற்பகுதியிலோ ஆகஸ்டு முற்பகுதியிலோ எழுதப்பட்டது. நீங்கள் 'ஏதோ குறிகள்' என்று சொல்பவை பழைய தமிழ்க் கணக்குக் குறிகளாகத்தான் இருக்க வேண்டும். ௶ என்பது பற்று, ௷ என்பது வரவு, ௹ ரூபாய், ௸ மேற்படி. எண்களும் தமிழ் எண்களாக இருக்கலாம்: ௧ ஒன்று, ௨ இரண்டு, ௫ ஐந்து, ௰ பத்து, ௱ நூறு. ஒரு தாளில் இந்தக் குறிகளை எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். இரண்டாம் நாளே கை பழகிவிடும்.

பழகியதும் நீங்கள் பார்க்கப்போவது உங்கள் கொள்ளுத் தாத்தாவை அல்ல. அவர் ஆள்கட்டி அழைத்துப்போன மனிதர்களை. ஒவ்வொரு பெயருக்கும் நேரே முன்பணம், அரிசி, கம்பளி, கல்யாணச் செலவு, சாவுச் செலவு என்று பற்று எழுதியிருக்கும். பெயருக்கு முன்னால் ஊர் இருக்கக்கூடும், தகப்பன் பெயர் இருக்கக்கூடும். உங்கள் குழுவில் இருக்கும் பல குடும்பங்களுக்குத் தங்கள் பாட்டனின் பெயரும் ஊரும் சேர்ந்து எழுதப்பட்ட ஒரே இடம் அந்த நோட்டாக இருக்கலாம். நிலம் இல்லாதவனுக்குச் சிட்டாவிலும் அடங்கலிலும் இடம் இல்லை. கல்வெட்டிலும் செப்பேட்டிலும் அவன் இல்லை. கடன் வாங்கியதால்தான் எழுத்தில் ஏறினான்.

அதனால்தான் கேட்கிறேன்: அந்த நோட்டு யாருடைய குடும்ப வரலாறு? பெட்டி உங்களுடையது. உள்ளே இருப்பவர்கள் பாதிக்கு மேல் மற்றவர்களுடைய முன்னோர்.

அதைப் படமெடுத்துக் குழுவில் போட வேண்டாம். 'உன் தாத்தா இத்தனை ரூபாய் கடன்காரர்' என்று நூறு பேர் முன்னால் காட்டுவது போலாகிவிடும். பழைய கணக்குகளில் பெயருக்கு முன்னால் சாதிப் பெயரை எழுதும் வழக்கமும் உண்டு. லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளில் அடுத்தடுத்த காம்பராவில் (அறையில்) இருந்தவர்கள் பின்னாளில் சம்பந்திகளாகியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்குச் சாதி சொல்லாமலே வளர்த்தவர்களும் இருக்கிறார்கள். அதைத் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு நீங்கள் ஒரு கைபேசிப் படத்தால் திறந்துவிடக் கூடாது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவர்கள் முன்னோரின் பெயர் உள்ள வரிகளை மட்டும் எடுத்து நேரில் கொடுங்கள், அல்லது தனியாக அனுப்புங்கள். அதைப் பொதுவில் வைப்பதா வேண்டாமா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். முதல் பிரதி அந்தப் பெரியவருக்கு.

அவர் சொன்னதை நீங்கள் அவமானமாக எடுத்துக்கொண்டிருப்பது கடிதத்தில் தெரிகிறது. பேத்தியாக அது இயல்புதான். ஆனால் ஆய்வு செய்பவராக யோசித்துப் பாருங்கள்: நீங்கள் ஓர் ஆண்டு தேடினாலும் கிடைக்காத ஒன்றை அவர் ஓர் இரவில், கேட்காமலே கொடுத்திருக்கிறார். கங்காணியின் வீட்டில் இருந்த கதைக்கு லயத்தில் இருந்த மறுபாதி அது.

கங்காணி முறை எப்படி நடந்தது என்பதைச் சுருக்கமாகச் சொன்னால் அவருடைய கோபத்தின் வேர் புரியும். கங்காணி தன் ஊரிலும் சுற்று வட்டாரத்திலும் ஆள்கட்டுவார். பெரும்பாலும் தெரிந்தவர்கள், உறவினர்கள், பஞ்சத்தில் அடிபட்டவர்கள். முன்பணம் கொடுத்துக் கண்டிச் சீமைக்கு (இலங்கைக்கு) அழைத்துப்போவார். பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் எண்ணும் இடத்துக்கு, வந்து நிற்கும் ஒவ்வொரு தலைக்கும் தோட்டம் கங்காணிக்குத் தனியாகக் காசு கொடுத்தது; ஆள் குறைந்தால் அவர் வருமானமும் குறையும். ஆகவே ஆள் போகாமல் இருக்கக் கடன் உதவியது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் கடன் தொகை எழுதிய 'துண்டு' வேண்டும். புதிய தோட்டம் அந்தத் தொகையைக் கொடுத்து ஆளை எடுத்துக்கொள்ளும். கடன் மனிதனோடு கூடவே போனது. அந்தத் துண்டு முறையை 1921இல் சட்டம் ஒழித்தது. இந்தியாவின் 1922ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தைத் தொடர்ந்து, ஆட்களைக் கொண்டுவரும் செலவைத் தோட்டங்களின் பொது நிதியே ஏற்க வேண்டும், தொழிலாளி கடனில்லாமல் கரையிறங்க வேண்டும் என்று ஏற்பாடு வந்தது. உங்கள் நோட்டு 1927இல் தொடங்குகிறது. அதில் யார் பெயரிலாவது வழிச்செலவு என்று பற்று எழுதியிருந்தால் அந்த வரியை இரண்டு முறை படியுங்கள். சட்டம் வந்த பிறகும் கடன் எப்படி லயத்திலேயே தங்கியது என்பதை அந்த ஒரு வரி சொல்லிவிடும்.

உங்கள் கொள்ளுத் தாத்தா கொடுமைக்காரர் என்று நான் சொல்லவில்லை. அவரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. காய்ச்சலில் கிடந்தவனுக்குக் கஞ்சி கொடுத்த கங்காணிகளும் இருந்தார்கள். துரைக்கும் (தோட்ட நிர்வாகிக்கும்) ஆளுக்கும் நடுவில் நின்று பேசியவர்களும் இருந்தார்கள். அவரே இன்னொரு பெரிய கங்காணிக்குக் கீழே சில்லறைக் கங்காணியாகத் தொடங்கி, வட்டிக்கு விடும் செட்டிகளிடம் கடன் வாங்கித்தான் முன்பணம் கொடுத்திருக்கவும் கூடும். நோட்டின் கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். அவர் பட்ட கடன்கள் அங்கே இருக்கலாம். ஆனால் 'வாழ்வு கொடுத்தவர்' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். 'இந்தத் தோட்டத்தில் பெரிய கங்காணியாக இருந்தவர், இத்தனை பேரை அழைத்துப்போனவர்' என்பது போதும். படம் இருக்கட்டும். அதை அழித்தால் பெரியவர் சொன்ன சொல்லும் சேர்ந்து அழிந்துவிடும். அவருக்குப் பதில் சொல்லாமல் எழுந்து போனது போலவும் ஆகும்.

அவருடைய குரல் பதிவை இன்றே உங்கள் கணினியில் சேமித்து வையுங்கள். அவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பிறகு நேரில் போய்ப் பேச அனுமதி கேளுங்கள். போகும்போது உங்கள் கொள்ளுத் தாத்தாவைப் பற்றிக் கேள்வி கேட்காதீர்கள். அவருடைய அப்பாவைப் பற்றிக் கேளுங்கள்: எந்த மலையில் வேலை, எத்தனையாம் நம்பர் லயம், கவ்வாத்தா (தேயிலைச் செடி வெட்டுவதா) மருந்தடிப்பா, அம்மா கொழுந்து எடுத்தாரா, அரைப்பேர் (பாதிக் கூலி) விழுந்த நாளில் வீட்டில் என்ன நடந்தது, காமன் கூத்தில் அப்பா என்ன வேடம் கட்டினார். கடன் தானாக வரும். வராவிட்டால் அன்று அது வர வேண்டிய நாள் இல்லை.

இனி ஊர்.

'திருச்சி ஜில்லா' என்பதை இன்றைய திருச்சி மாவட்டமாக நினைத்துத் தேடினால் வழி தவறும். பாஸ்போர்ட் எடுத்த காலத்தில் கரூரும் பெரம்பலூரும் அரியலூரும் திருச்சிக்குள்தான் இருந்தன. புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1948இல் திருச்சி மாவட்டத்தோடு இணைந்து, 1974இல்தான் தனி மாவட்டமானது. கரூரும் பெரம்பலூரும் பிரிந்தது 1995இல். இத்தனை பெரிய நிலப்பரப்பில் புதுப்பட்டி என்ற பெயரில் எத்தனை ஊர்கள் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஊர்ப் பெயரை விட்டுவிட்டு அதைச் சுற்றியிருந்தவற்றைப் பிடியுங்கள். எந்தச் சந்தைக்குப் போவார்கள் என்று பாட்டியின் மாமனார் மாமியார் பேசிக்கொண்டார்கள்? ஆறு பக்கத்தில் இருந்ததா, ஏரி மட்டும்தானா? ஊருக்குப் பணம் அனுப்பிய மணியார்டர் ரசீது ஏதாவது பெட்டியில் கிடக்கிறதா? ரசீதிலும் பழைய கடித உறைகளிலும் தபால் நிலைய முத்திரை இருக்கும். ஒரு முத்திரை ஐம்பது புதுப்பட்டிகளை ஒன்றாக்கிவிடும்.

எல்லாவற்றையும் விட நல்ல துப்பு குலதெய்வம். லயத்தில் ரோதைமுனியும் மாடசாமியும் எல்லாருக்கும் பொதுவாக இருந்தாலும், முதல் மொட்டைக்கும் காதுகுத்துக்கும் நேர்ந்துகொண்ட பெயர் வேறாக இருந்திருக்கும். அந்தப் பெயரைப் பாட்டி மறந்திருக்க மாட்டார். அந்தச் சாமியின் பெயரோடு சேர்ந்து வரும் கரை, கொடி, கிடா வெட்டும் மாதம் இவற்றைக் குறித்துக்கொண்டு அந்த வட்டாரக் கோயில் பூசாரிகளிடம் விசாரித்தால் ஊர் வந்துவிடும். ஊருக்குப் போகும்போது ஒன்றை மனத்தில் வையுங்கள். 'எந்தத் தெரு' என்றுதான் அங்கே முதலில் கேட்பார்கள். அதற்கு நீங்கள் என்ன பதில் சொல்லப் போகிறீர்கள் என்பதைப் புறப்படும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பாஸ்போர்ட்டில் உள்ளதை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். இதை நம் மக்களின் வரலாறு தெரியாதவர்கள் கவனிப்பதில்லை. 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டத்தின்படி விண்ணப்பித்தவர்கள், 1946 ஜனவரி முதல் நாளுக்கு முன்னால் மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் இடைவிடாமல் இலங்கையில் இருந்ததாக நிரூபிக்க வேண்டியிருந்தது. அந்த மனுவில் இந்தியாவில் உள்ள வீட்டையும் உறவையும் யார் பெரிதாக எழுதுவார்கள்? பதினைந்து ஆண்டு கழித்து, 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. நாடற்ற 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு, மீதி பிறகு பேசிக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். இந்தியக் குடியுரிமை கேட்கும்போது இந்தியாவில் வேர் உண்டு என்று காட்ட வேண்டும். ஆக, ஒரே மனிதர் ஒரு தாளில் தனக்கு இந்தியாவில் யாரும் இல்லை என்றும், இன்னொரு தாளில் புதுப்பட்டி என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டும் பொய் என்று ஒதுக்க வேண்டாம். ஒவ்வொரு தாளும் எதற்காக, யாருக்கு எழுதப்பட்டது என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கணக்கப்பிள்ளை யாரோ ஒருவர் வரிசையில் நின்ற பத்துக் குடும்பங்களுக்கு ஒரே ஊரை நிரப்பிக் கொடுத்திருக்கவும் கூடும். குழுவில் மற்றவர்களின் பாஸ்போர்ட்டிலும் புதுப்பட்டி என்றே இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

தாயகம் திரும்பியவர்களுக்குக் கொடுத்த குடும்ப அட்டை வீட்டில் இருந்தால் அதையும் எடுங்கள். யார் யார் சேர்ந்து வந்தார்கள், அப்போது எழுதிய வயது என்ன என்று அதில் தெரியும். இலங்கைப் பிறப்புச் சான்றிதழ்களின் நகலை அங்குள்ள பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் கேட்டுப் பெறலாம். பிறந்த தேதியும் பதிவுப் பிரிவும் தெரிந்தால் வேலை எளிது. தோட்டத்துக்கு மக்கள் வைத்த தமிழ்ப் பெயர் வேறு, துரைமார் வைத்த ஆங்கிலப் பெயர் வேறு என்பதால் இரண்டையும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பெர்குசன் நிறுவனம் வெளியிட்ட பழைய இலங்கைக் கையேடுகளில் தோட்டங்களின் பட்டியல் உண்டு. தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகத்தில் பாட்டியோ தாத்தாவோ வேலை செய்திருந்தால் வைப்பு நிதி நியமனப் படிவத்தையும் தேடிப் பாருங்கள். பெண்களின் பெயர் உறவுமுறையோடு எழுதப்பட்ட அரிய தாள்களில் அதுவும் ஒன்று.

பாட்டியின் செய்திக்கு வருகிறேன். விவரத்துக்குள் போகாமல் சொல்கிறேன். அதில் உயிரோடு இருக்கக்கூடிய இன்னொருவர் இருக்கிறார், கடலுக்கு அந்தப் பக்கம். ஒப்பந்தம் எத்தனையோ குடும்பங்களை இப்படித்தான் இரண்டாக வெட்டியது. அண்ணனுக்கு இலங்கை, தம்பிக்கு இந்தியா என்று தாள் வந்தது. குழுவில் எழுத வேண்டாம், உங்கள் அப்பாவிடமும் நீங்களாகச் சொல்ல வேண்டாம். பாட்டியிடம் இரண்டே கேள்விகள் கேளுங்கள், ஒரே நாளில் அல்ல, ஒரு வாரம் இடைவெளி விட்டு. இதை எழுதி வைக்கட்டுமா என்பது ஒன்று. அவரைத் தேடிப் பார்க்க வேண்டுமா என்பது இன்னொன்று. முதலாவதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு இரண்டாவதற்கு ஆம் என்று சொல்லும் பாட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். ஆம் என்றால் எனக்குத் தனியாக எழுதுங்கள். எங்கே தொடங்குவது என்று சொல்கிறேன். வேண்டாம் என்றால் உங்களோடு இருக்கட்டும்.

ஆனால் பாட்டியின் மற்றப் பேச்சை எல்லாம் இப்போதே பதிவு செய்யத் தொடங்குங்கள். எண்பத்து நான்கு வயது. உங்கள் கடிதத்தில் எனக்கு அவசரமாகத் தோன்றியது இது ஒன்றுதான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். கைபேசியை மேசை மேல் தெரியும்படி வையுங்கள். தொடக்கத்தில் தேதியையும் கூட இருப்பவர்களின் பெயர்களையும் சொல்லிவிடுங்கள். 'உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்' என்று கேட்டால் ஒன்றும் வராது. படங்கு (கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் சுற்றும் சாக்கு) எப்படிக் கட்டுவது என்று கேளுங்கள், கூடைக்கயிறு தலையில் எந்த இடத்தில் அழுத்தும் என்று கேளுங்கள், தலைமன்னாரில் கப்பல் ஏறிய நாளில் கையில் என்ன இருந்தது என்று கேளுங்கள்.

நோட்டைப் பற்றி இன்னும் ஒரு சொல். லேமினேட் செய்துவிடாதீர்கள், கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். இரண்டும் தாளைக் கொன்றுவிடும். நீலகிரி ஈரத்துக்குப் பிளாஸ்டிக் உறையும் ஆகாது. சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, தரையில் படாமல் பீரோவில் வையுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், வெற்றுப் பக்கங்களையும் அட்டையையும் சேர்த்து ஒவ்வொன்றாகப் படமெடுத்து இரண்டு இடங்களில் சேமியுங்கள்.

சித்தப்பா பயப்படுவது தன் தாத்தாவின் பெயருக்காக. அவரோடு வாதாடாதீர்கள். பெரியவரைப் பார்க்கப் போகும் நாளில் அவரையும் அழைத்துப் போங்கள். அவர்கள் இருவரும் அதே தோட்டத்தில் பிறந்தவர்களாகக்கூட இருக்கலாம். நோட்டில் பெரியவருடைய அப்பாவின் பெயர் உள்ள பக்கத்தை அவர் கையில் சித்தப்பாவே கொடுக்கட்டும்.